காந்தியடிகளின் குடல்வால் அறுவையும் அறுவைக்குப் பின் வரும் காய்ச்சலும்

அண்ணல் காந்தியடிகள் 1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் போர்பந்தரில் பிறந்தார். இலண்டனில் சட்டம் பயின்றார். தென்னாப்பிரிக்காவில் இந்தியர் உரிமைக்காகப் போராடி, 1915இல் தாயகம் திரும்பினார். உணவுக் கட்டுப்பாட்டிலும் இயற்கை மருத்துவத்திலும் அவருக்கு ஆழ்ந்த நம்பிக்கை இருந்தது.

1922 மார்ச்சில் ஆறாண்டுச் சிறைத்தண்டனை பெற்று எரவாடா சிறையில் இருந்தார். 1924 ஜனவரியில் அவருக்குக் கடும் வயிற்றுவலி உண்டாயிற்று. குடல்வால் அழற்சி எனக் கண்டறியப்பட்டதும் புனே சாசூன் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். ஆங்கிலேய மருத்துவர் கர்னல் மேடாக் அறுவை செய்வதற்கு எழுத்து மூலம் ஒப்புதல் அளித்தார். அதனை எழுதிக்கொடுத்தவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். ஜனவரி 12 இரவு, அறுவையின் நடுவே மின்விளக்கு அணைந்தது. கைவிளக்கின் ஒளியில் அறுவை நிறைவுற்றது.

அறுவை வெற்றி பெற்றபோதிலும், அவ்விடத்தில் சீழ் கட்டியதால் உடல் தேறுவது தாமதமாயிற்று. பெனிசிலின் கண்டறியப்பட்டதே 1928இல்தான். பிப்ரவரி 5ஆம் நாள் அரசு அவரை விடுதலை செய்தது. பம்பாய் ஜுஹு கடற்கரையில் தங்கி நலம் பெற்ற அவர், ஆறாண்டுகளுக்குப் பின் தண்டி வரை ஏறத்தாழ 385 கிலோமீட்டர் நடந்தார்.

வெற்றிகரமான அறுவைக்குப் பின்னரும் கண்காணிப்பு தேவை என்பதே இதனால் அறியத்தக்கது. முதல் இரண்டு நாள்களில் தோன்றும் இலேசான காய்ச்சல் பெரும்பாலும் திசுக்காயத்திற்கு உடல் காட்டும் எதிர்வினையே. அது தானே தணியும். மூன்றாம் நாளுக்குப் பின் 38 டிகிரி செல்சியஸ் (100.4 டிகிரி ஃபாரன்ஹீட்) அல்லது அதற்கு மேல் காய்ச்சல் வந்தால் காரணம் கண்டறியப்பட வேண்டும். புண்ணில் தொற்று, வயிற்றினுள் சீழ்க்கட்டி, சிறுநீர்த் தொற்று, நுரையீரல் அழற்சி, கால் சிரையில் இரத்தக்கட்டு ஆகியவை காரணமாகலாம்.

மருத்துவர் அறிவுரைப்படி விரைவில் எழுந்து நடத்தல், மூச்சை ஆழ இழுத்து விடுதல், புண்ணை உலர்வாகவும் தூய்மையாகவும் வைத்தல் ஆகியன நன்மை தரும். காய்ச்சலுடன் புண் சிவத்தல், சீழ் வடிதல், வயிறு உப்புதல், இடைவிடாத வாந்தி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றே மருத்துவமனையை அணுகுக. மூச்சுத்திணறலோ மனக்குழப்பமோ இருப்பின் 108ஐ உடனே அழைக்கவும். தாமாக மருந்து வாங்கி உட்கொண்டு காய்ச்சலை அடக்குதல் நோயை மறைத்துவிடும், தவிர்க்க.