ஒஸாமு டெஸூகா

சித்திரக்கதை சிறுவர்க்குரிய வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணியிருந்தோம். ஜப்பானியரின் மங்காக் கதைகளைப் பெருங்கலையாக உயர்த்திய ஒஸாமு டெஸூகாவின் சரிதையைக் கற்றபின் அவ்வெண்ணம் ஒழிந்தது.

இவர் 1928-ஆம் ஆண்டு ஒஸாக்காவை அடுத்த டொயொநாக்காவிற் பிறந்தார். வண்டுகளிடத்துக் கொண்ட விருப்பால், பூச்சியைக் குறிக்கும் எழுத்தொன்றைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். 1945-இல் ஆலையிற் பணிபுரிகையில், அந்நகர்மீது பொழிந்த குண்டுமாரியினின்று அரிதில் உயிர் தப்பினார். பின்னர் மருத்துவம் பயின்று தேறினாராயினும், எழுதுகோலையே தம் கருவியாகக் கொண்டார்.

1967-இல் தொடங்கிய ‘டொரொரோ’ என்னுங் கதையில், ஆட்சி வேட்கையுற்ற தந்தையொருவன் தன் மகவின் 48 உறுப்புக்களைப் பேய்களுக்கு ஈகின்றான். ஆற்றில் விடப்பட்ட அம்மகவை மருத்துவர் ஒருவர் எடுத்து, செயற்கை உறுப்புக்கள் பொருத்தி வளர்க்கின்றார். அவன் பேய்களை ஒவ்வொன்றாக வென்று உறுப்புக்களை மீட்கின்றான். ‘தீப்பறவை’ என்னும் கதைத்தொகுதியிலோ, எந்திரங்கள் ஆளும் நகரங்கள் 3404-ஆம் ஆண்டில் தம்முட் பொருதழிகின்றன. இறவாவரம் பெற்ற ஒருவன் மட்டும் எஞ்சி, உயிர்கள் மீண்டுந் தோன்றுங் காலத்தை நோக்கித் தனித்திருக்கின்றான். இறவாமையும் ஆண்டுத் துன்பமே.

அத்தொகுதி முற்றுப்பெறுமுன், 1989 பிப்ரவரி 9-ஆம் நாள், வயிற்றுப் புற்றுநோயால், தமது 60-ஆம் வயதில் டெஸூகா உயிர் நீத்தார்.

குறைவற்ற உலகை எந்திரமோ வரமோ நமக்கு அளிக்கமாட்டா. இழந்த உறுப்புக்களை அம்மகன் மீட்டதுபோல, நாமும் நல்வாழ்வைச் சிறிது சிறிதாகவே போராடிப் பெறுதல் வேண்டும். இதுவே அவர் வரைந்த இருளினின்று நாம் பெறும் ஒளியாகும்.