வசந்தத்தைக் காத்த வனிதை: ரேச்சல் கார்சன்

மரத்திலிருந்து உதிரும் இலை மண்ணில் மக்குகிறது. அதை மண்புழு உண்கிறது. புழுவைப் பறவை உண்கிறது. பறவையின் எச்சத்தோடு விழும் விதை மீண்டும் மரமாகிறது. இயற்கை அன்னை ஓயாது சுழற்றும் இச்சக்கரத்தில் எதுவும் வீணாவதில்லை; எதுவும் மறைந்துபோவதுமில்லை. அப்படியானால், அதில் நாம் நஞ்சைக் கலந்தால் அந்த நஞ்சும் சுற்றிவரும் அல்லவா? இந்த எளிய உண்மையை உலகம் உணரும்படி செய்தவர் ஓர் அமெரிக்கப் பெண்மணி. அவர்தாம் ரேச்சல் கார்சன் அம்மையார்.

பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்பிரிங்டேல் என்னும் சிற்றூரில் 1907-ஆம் ஆண்டு மே மாதம் 27-ஆம் நாள் அவர் பிறந்தார். குடும்பத்திற்குச் சுமார் 65 ஏக்கர் நிலம் இருந்தும் பணவசதி இல்லை. ஆனால், முன்னர் ஆசிரியையாகப் பணியாற்றிய தாயார் மரியா, மகளுக்கு வேறொரு செல்வத்தை வழங்கினார். தோப்புகளுக்கும் வயல்வெளிகளுக்கும் அழைத்துச் சென்று, பறவைகளையும் பூச்சிகளையும் இனங்காணக் கற்பித்தார். ரேச்சலுக்கு எழுத்திலும் ஆர்வம் மிகுதி. 11-ஆவது வயதிலேயே அவருடைய கதை ஒன்று செயின்ட் நிக்கோலஸ் என்னும் சிறுவர் இதழில் வெளிவந்தது. இவ்வாண்டு மலரில் தம் பெயரை முதன்முதலாக அச்சில் காணும் நம் தங்கையருக்கு அந்த மகிழ்ச்சியை நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆங்கில இலக்கியம் பயிலக் கல்லூரியில் சேர்ந்தவரை, மேரி ஸ்கின்கர் என்னும் ஆசிரியையின் வகுப்பு உயிரியலின்பால் ஈர்த்தது. ரேச்சல் பாடத்தை மாற்றிக்கொண்டார். எழுத்துக்கும் தமக்கும் இனித் தொடர்பில்லை என்றே எண்ணினார். 1929-ல் பட்டம் பெற்ற பின்னர்தான் அவர் கடலையே முதன்முறையாகக் கண்டார். 1932-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றார்.

அதற்குமேல் படிக்கக் குடும்ப நிலை இடந்தரவில்லை. 1935-ல் தந்தையார் மறைந்தார். மறு ஆண்டு ரேச்சல் அரசின் மீன்வளத் துறையில் பணியில் அமர்ந்தார். 1937-ல் தமக்கையும் இறந்துவிட, அவருடைய பெண்மக்கள் இருவரையும் வளர்க்கும் பொறுப்பு தாயார்மீதும் இவர்மீதும் விழுந்தது. பகலில் அலுவலகம், இரவில் எழுத்து என்று காலம் சென்றது. கைவிட்டதாக எண்ணிய எழுத்து, கற்ற அறிவியலோடு கைகோத்துத் திரும்பி வந்தது. கடலைப் பற்றி அவர் எழுதி 1951-ல் வெளியான நூல் பெரும்புகழ் பெற்றது. தேசிய நூல் விருதும் கிடைத்தது. 1952-ல் அவர் அரசுப் பணியை விட்டு முழுநேர எழுத்தாளரானார்.

அக்காலத்தில் டி.டி.டி. என்னும் மருந்து உலகெங்கும் போற்றப்பட்டது. அது பூச்சிகளைக் கொல்லும் என்பதை 1939-ல் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948-ல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அம்மருந்து பல்லாயிரம் உயிர்களைக் காத்தது என்பதில் ஐயமில்லை. நம் நாட்டிலும் 1953-ல் தொடங்கிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் வீட்டுச் சுவர்களில் அது தெளிக்கப்பட்டது. ஆனால் அமெரிக்காவில் நடந்ததோ வேறு. வயல், காடு, ஊர் என்று பாராமல் விமானங்களிலிருந்து அம்மருந்தைப் பொழிந்தார்கள். 1958-ஆம் ஆண்டு தொடக்கத்தில், மாசசூசெட்ஸ் மாநிலத்திலிருந்து ஓல்கா ஹக்கின்ஸ் என்னும் தோழி துயரச் செய்தி ஒன்றை எழுதியனுப்பினார். கொசுவை ஒழிக்க விமானம் மருந்து தெளித்துச் சென்றபின், அவர் வளர்த்துக் காத்த தோட்டத்தில் பறவைகள் செத்து விழுந்துகிடந்தனவாம்.

ரேச்சல் உடனே கூக்குரல் எழுப்பவில்லை, சான்றுகளைத் தேடினார். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் எல்ம் மரங்களின் நோயைத் தடுக்க டி.டி.டி. தெளித்திருந்தனர். மருந்து படிந்த இலைகள் உதிர்ந்தன. மண்புழுக்கள் அவற்றைத் தின்றன. அடுத்த வசந்தத்தில் வந்த ராபின் குருவிகள் அப்புழுக்களைத் தின்று துடித்து மாண்டன. ஒரு குருவியைக் கொல்ல 11 பெரிய புழுக்கள் போதுமானவையாக இருந்தன. கலிபோர்னியாவின் கிளியர் ஏரியில் சிறுபூச்சிகளை ஒழிக்க டி.டி.டி.யின் உறவுப் பொருள் ஒன்று கலக்கப்பட்டது. ஏரி நீரில் அது பத்து இலட்சத்தில் 0.02 பங்குதான் இருந்தது. நீரிலுள்ள நுண்ணுயிர்களிடமிருந்து சிறு மீன்களுக்கும், அவற்றிலிருந்து பெரிய மீன்களுக்கும், அவற்றை உண்ட முக்குளிப்பான் பறவைகளுக்கும் அது படிப்படியாகப் பெருகிச் சென்றது. இறந்த பறவைகளின் கொழுப்பில் பத்து இலட்சத்தில் 1,600 பங்கு நஞ்சு இருந்தது! கண்ணுக்குத் தெரியாத அளவு, உயிர்ச் சங்கிலியில் ஏற ஏறக் கொல்லும் அளவாயிற்று.

இந்நூலை எழுதிய நான்கு ஆண்டுகளும் அம்மையாருக்குச் சோதனைக் காலம். தமக்கை மகளும் 1957-ல் இறந்துவிட, அவருடைய 5 வயது மகன் ரோஜரைத் தம் மகனாக ஏற்றிருந்தார். 1958-ன் இறுதியில் அன்புத் தாயாரை இழந்தார். 1960-ல் அவரைப் புற்றுநோய் பற்றியது. அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சுச் சிகிச்சையும் அவர் உடலை வாட்டின. ஆயினும் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. பறவைகளின் பாட்டு ஓய்ந்துபோன ஒரு வசந்த காலத்தைக் கற்பனை செய்து தொடங்கும் மௌன வசந்தம் என்னும் நூல் 1962 செப்டம்பரில் வெளிவந்தது.

இரசாயன உற்பத்தியாளர்கள் வெகுண்டெழுந்தனர். அறிவியல் அறியாதவர், உணர்ச்சிவசப்படுபவர், மணமாகாத பெண் என்றெல்லாம் அவரை இகழ்ந்தனர். உண்மையில் அவர் பூச்சிமருந்தே கூடாது என்று சொல்லவில்லை. அளவறியாமல் தெளித்தால் பூச்சிகளே அதற்குப் பழகிவிடும், பின்னர் நோயைத் தடுக்கவும் அது உதவாது என்றே எச்சரித்தார். தம் நோயை எவரும் அறியாதவாறு மறைத்துக்கொண்டு, 1963-ல் தொலைக்காட்சியிலும் அமெரிக்க மேலவைக் குழுவின் முன்பும் அமைதியாக விளக்கமளித்தார். அதிபர் கென்னடியின் அறிவியல் ஆலோசனைக் குழுவும் அவர் கூற்றுக்கு வலுவூட்டியது.

1964 ஏப்ரல் 14-ஆம் நாள், 56-ஆவது வயதில், அவர் மறைந்தார். தாம் இட்ட விதை மரமானதை அவர் காணவில்லை. 1970-ல் அமெரிக்காவில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் தோன்றியது. 1972-ல் டி.டி.டி.யின் வேளாண் பயன்பாடு அங்குத் தடைசெய்யப்பட்டது. அந்த நஞ்சினால் முட்டையோடு மெலிந்து, 1963-ல் 417 இணைகளாகக் குறைந்திருந்த வெண்தலைக் கழுகுகள், 2007-ல் ஏறத்தாழ 9,800 இணைகளாகப் பெருகியிருந்தன.

அன்புச் சகோதரியரே, சக்கரத்தைக் கெடுத்ததும் மனிதர்தாம். தவற்றை உணர்ந்து நிறுத்தியதும் மனிதர்தாம். வீட்டிலோ தோட்டத்திலோ ஒரு நஞ்சைக் கையில் எடுக்கும்போது, இது இங்கிருந்து எங்கே போகும் என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். வீட்டுப் பொறுப்பும் நோயும் வசைமொழியும் சூழ்ந்தபோதும், உண்மையைப் பொறுமையாகத் திரட்டித் துணிவோடு சொன்ன அம்மையாரின் வழியைப் பின்பற்றுவோம். ஒவ்வொரு விடியலிலும் நம் செவியில் விழும் பறவைகளின் பாட்டில் அவர் புகழ் நிலைத்து வாழ்க!