திருச்சுழி அழகம்மாள்

அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே திருச்சுழிக்குப் போகிற வழியில், கரிசலும் கருவேலமுமாகக் காய்ந்து கிடக்கும் நிலம் நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல. அங்கே குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாட்களைவிட மணல் கிடக்கும் நாட்களே அதிகம். அவ்வூர்க் கோயிலுக்கு அருகில் ஒரு வீடு உண்டு. ரமண மகரிஷி பிறந்த வீடென்று அதைக் காணக் கடல் கடந்தும் ஜனங்கள் வருகிறார்கள். மகனைத் தேடி வருகிறவர்கள் தாயைப் பற்றி அதிகம் விசாரிப்பதில்லை. அந்த அம்மாள் நம் வேதத்தைச் சேர்ந்தவரல்லர். ஆனாலும் நம் சீமையில் வாழ்ந்து, நம் வீட்டுத் தாய்மார் படும் பாட்டையெல்லாம் பட்டவர் என்பதால், இவ்வாரம் அவருடைய ஜீவியத்தைச் சொல்லலாமென எண்ணினோம்.

அழகம்மாள் மானாமதுரைக்கு அடுத்த பாசலையைச் சேர்ந்தவர். திருச்சுழி சுந்தரமையருக்கு வாழ்க்கைப்பட்டார். சுந்தரமையர் பன்னிரண்டு வயதில் மாதம் 2 ரூபாய்ச் சம்பளத்தில் கணக்கெழுதத் தொடங்கி, பிறகு மனு எழுதிக்கொடுத்து, முடிவில் பட்டம் பெறாமலே வக்கீலாக வழக்காடும் நிலைக்கு உயர்ந்தவர். அவர் வீட்டில் ஒரு பாதி குடும்பத்துக்கு, மறு பாதி வந்து போகிறவர்களுக்கு. வழக்குக்காக வந்தவர், ஊருக்குப் புதியவர் யாரானாலும் அங்கே சாப்பாடு உண்டு. சோறு போட்ட கை யாருடையது என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளைகள் நால்வர்: நாகசுவாமி, 1879 டிசம்பர் 30-இல் பிறந்த வேங்கடராமன், நாகசுந்தரம், பெண் அலமேலு. 1892 பிப்ரவரியில் சுந்தரமையர் காலமானார். அதோடு குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. மூத்த பையன்கள் இருவரும் படிப்புக்காக மதுரையில் சிற்றப்பா சுப்பையர் வீட்டுக்குப் போனார்கள். சிறியவர்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு, மானாமதுரையில் மற்றொரு கொழுந்தனாராகிய நெல்லையப்பையரின் ஆதரவில் அழகம்மாள் தங்கினார். கைம்பெண்ணுக்குப் பிறர் வீட்டு அடுப்படிதானே அந்நாளில் கதி?

நான்கு ஆண்டு கழித்து, 1896 ஆகஸ்டு 29-இல், பதினாறு வயது வேங்கடராமன் யாரிடமும் சொல்லாமல் மதுரையை விட்டுப் புறப்பட்டான். அண்ணனுடைய கல்லூரிச் சம்பளத்துக்கென்று வைத்திருந்த 5 ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டோடு ஒரு சீட்டை எழுதி வைத்திருந்தான். தன்னைத் தேட வேண்டாமென்பதே அதன் சாரம். தாய் தேடாதிருப்பாளா? நாடகக் கம்பெனியோடு போய்விட்டான் என்றொரு வதந்தியை நம்பித் திருவனந்தபுரம்வரை ஆளனுப்பித் தேடச் செய்தார். ஒன்றும் பலிக்கவில்லை. 1898-இல்தான், திருவண்ணாமலையில் பேசாமல் அமர்ந்திருக்கும் ஒரு வாலிபனே தம் மகனென்று தெரிய வந்தது. நெல்லையப்பையர் போய் அழைத்தும் அவர் வரவில்லை.

அவ்வாண்டு கிறிஸ்து பிறப்புத் திருநாள் விடுமுறையில், மூத்த மகனோடு அழகம்மாளே புறப்பட்டார். பவழக்குன்றில் மகனைக் கண்டார். அழுக்கேறிய உடம்பு, சடைபிடித்த தலை. பலகாரம் செய்து கொண்டுபோய் வைத்து, நாள்தோறும் அழுதார், கெஞ்சினார், கோபித்தார். வாய் திறந்து ஒரு சொல் வரவில்லை. பக்கத்திலிருந்தவர்கள் மனமிரங்கிப் பென்சிலும் காகிதமும் கொடுத்தார்கள். நடக்க வேண்டியது யார் தடுத்தாலும் நடக்கும், நடக்காதது எவ்வளவு முயன்றாலும் நடவாது, ஆகையால் மௌனமே நல்லது என்ற கருத்தில் அவர் எழுதிக்கொடுத்தார். பெற்ற மகனிடமிருந்து தாய் பெற்ற பதில் இதுதான். வேதாந்தம் தெரிந்தவர்கள் இதை வியப்பார்கள். நமக்கோ அந்தத் தாய் குன்றிலிருந்து இறங்கிப்போன நடைதான் கண்முன் நிற்கிறது.

பின்பு துன்பங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. 1900-இல் மூத்த மகன் நாகசுவாமி இறந்தார். கடனுக்காகத் திருச்சுழி வீடு விலைபோனது. 1914-இல் திருப்பதி போய்த் திரும்பும் வழியில் மகனைப் பார்க்க வந்தவர், விரூபாக்ஷக் குகையில் கடுங்காய்ச்சலாய்ப் படுத்துவிட்டார். அப்போதுதான் மகனின் மனம் வெளிப்பட்டது. இரவு பகலாய் அவரே தாயைக் கவனித்தார். தாய் பிழைக்க வேண்டுமென்று அருணாசல ஈசுவரனை நோக்கி நான்கு பாடல்களும் செய்தார். அம்மாள் பிழைத்து ஊர் திரும்பினார்.

மறு ஆண்டு நாகசுந்தரத்தின் மனைவி ஒரு சிறு பையனை விட்டுவிட்டு இறந்துபோனாள். அந்தப் பேரனை வளர்க்கும் பாரத்தை மகள் அலமேலு ஏற்றுக்கொண்டாள். 1916-இல் அழகம்மாள் திருவண்ணாமலைக்கு வந்துவிட்டார், இம்முறை மகனை அழைத்துப்போக அல்ல, அவரோடே இருந்துவிட. தாயில்லாப் பேரனை விட்டு வந்தாளே என்று கேட்கிறவர்கள் கேட்கலாம். தாங்கிப் பிடித்த வீடுகளெல்லாம் ஒவ்வொன்றாய்ச் சரிந்தபின் ஒரு கிழவி எங்கே போவாள் என்பதையும் அவர்கள் யோசிக்கட்டும்.

மலைமேல் வாழ்க்கை எளிதாக இருக்கவில்லை. முதலில் மகன் மற்றெல்லாரிடமும் பேசுவார், இவரிடம் பேசமாட்டார். குறைப்பட்டால், எல்லாப் பெண்களும் தமக்குத் தாய்மாரே, அவர் ஒருவர் மட்டுமல்ல என்பார். ஆசாரம் மிகுந்த அம்மாள் வெங்காயத்தைத் தொடமாட்டார். மோட்சத்துக்கே அது பெருந்தடை என்று மகன் கேலி செய்வார். ஒரு நாள் அப்பளம் இட உதவிக்குக் கூப்பிட்டபோது, மாவைத் தொடாமல் ஓர் அப்பளப் பாட்டைச் செய்து தந்தார். ஆனாலும் அம்மாள் வரும்வரை அங்கே அடுப்பு கிடையாது. சீடர்கள் ஊருக்குள் இரந்து வந்ததையே எல்லாரும் உண்டார்கள். கந்தாசிரமத்தில் அடுப்பு மூட்டி, வந்தவர்க்கெல்லாம் சமைத்துப் போட்டவர் அழகம்மாள். திருச்சுழியில் செய்ததையே மலைமேலும் செய்தார். இளைய மகன் நாகசுந்தரமும் பின்பு வந்து துறவு பூண்டு, நிரஞ்சனானந்தர் ஆனார்.

1922 மே 19-ஆம் நாள் அம்மாளுக்கு முடிவு நெருங்கியது. ரமணர் வலக்கையைத் தாயின் மார்பிலும் இடக்கையைத் தலையிலும் வைத்தபடி பக்கத்தில் அமர்ந்தார். இரவு எட்டு மணியளவில் மூச்சு நின்றது. அதற்குப் பிறகே கையை எடுத்தார். சந்நியாசிகளுக்குச் செய்வதுபோல் தகனம் செய்யாமல், மலையடிவாரத்தில் பாலி தீர்த்தத்தின் பக்கம் அடக்கம் செய்தார்கள். இருபத்தாறு ஆண்டு முன்பு தாயை விட்டு ஓடிய மகன், அவ்வாண்டு டிசம்பரில் மலையைவிட்டு இறங்கி, தாயின் கல்லறையருகில் தங்கிவிட்டார். அங்கே எழுந்ததுதான் இன்றைய ரமணாசிரமம்.

கல்லறைமேல் எழுப்பிய மாத்ருபூதேசுவரர் ஆலயத்துக்கு 1949 மார்ச்சில் குடமுழுக்கு நடந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 14-இல் மகனும் இறந்தார். அவரையும் அவ்வாலயத்தை ஒட்டியே அடக்கம் செய்தார்கள். நிரஞ்சனானந்தர் 1953-இல் காலமானபோது, ஆசிரமத்தின் பொறுப்பு அவர் மகன் கைக்கு வந்தது. அத்தை வளர்த்த அந்தப் பேரன், பாட்டியின் கல்லறை இருக்கும் இடத்தைப் பல்லாண்டு நிர்வகித்தார்.