சொற்பெருக்கிய மருத்துவர் றொஜே

ஆங்கிலத்திற் சொல்வளம் பெற விழையும் நம் மாணவர் பீற்றர் மார்க் றொஜே என்னும் பெரியாரின் வரலாற்றை அறிதல் நன்றெனக் கருதுகின்றோம்.

இவர் 1779ஆம் ஆண்டு இலண்டன் மாநகரிற் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். எடின்பரோவிற் பயின்று, 1798இல், 19ஆம் வயதில் மருத்துவப் பட்டம் பெற்றார். எழுதுங்கால் தமக்குற்ற சொற்குறையை நீக்கக் கருதி, 1805இல் தம் பயன்பொருட்டே சிறியதொரு சொற்றொகுதி வகுத்தார். 1827 முதல் 1848 வரை றோயல் சங்கத்தின் செயலாளராகப் பணியாற்றினார். ஓய்வுபெற்றபின் அத்தொகுதியை விரித்து, 1852இல், 73ஆம் வயதில் ‘தெசோறஸ்’ என்னும் நூலாக வெளியிட்டார்.

அகரவரிசையை விடுத்து, கருத்துக்களை 6 வகுப்பாகவும் 1000 தலைப்பாகவும் பகுத்து, பொருளால் இனமான சொற்களை ஒருங்கு நிறுத்தியமையே அந்நூலின் சிறப்பு. சொற்களை இனம்பற்றித் தொகுத்த திவாகரம் முதலிய நிகண்டுகளைக் கற்ற நம்மவர்க்கு இம்முறை புதிதன்று.

ஆயின், அந்நூல் சொற்களைத் திரட்டித் தருமேயன்றி அவற்றின் வேறுபாட்டை விளக்காது. இடமறிந்து தெரிந்தெடுத்தல் எழுதுவோன் கடன். அரிய சொற்களைப் பரீட்சைக்கு மட்டும் நெட்டுருச் செய்வோர் இதனை மறத்தலாகாது.

1869இல், 90ஆம் வயதில் அவர் மறைந்தார். இறுதிக் காலத்தும் தம் நூலிற் புதிய சொற்களைச் சேர்த்துவந்தார். தம் குறையை உணர்ந்து தொடங்கிய முயற்சி உலகுக்குப் பயன்பட்டமையை நம் மாணவர் சிந்திப்பாராக.