உலோக மழை பொழிந்த மேதை

இரும்புக் கதவுக்கு வர்ணம் பீச்சி அடிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். ஈயத்தையும் துத்தநாகத்தையும் செம்பையும் அவ்வாறே பீச்சியடிக்கலாம் என்று உலகுக்குக் காட்டியவர் மாக்ஸ் உல்ரிக் ஷோப் என்னும் சுவிஸ் நாட்டு அறிஞர்.

இவர் 1870ஆம் ஆண்டு பிறந்தார். 1909ஆம் ஆண்டு வாக்கில் ஒருநாள் இவருடைய பிள்ளைகள் விளையாட்டுத் துப்பாக்கியால் தோட்டச் சுவரில் சுட்டுக்கொண்டிருந்தார்களாம். ஈயக் குண்டுகள் கீழே விழாமல், தட்டையாகிச் சுவரிலேயே ஒட்டிக்கொண்டன. நம் வீடாயிருந்தால் சுவரைப் பாழாக்கியதற்கு நல்ல அடி கிடைத்திருக்கும்! ஷோப் அந்தக் குண்டுகளையே உற்று நோக்கினார்.

உடனே வெற்றி கிட்டிவிடவில்லை. முதலில் உலோகத்தை உருக்கி, சூடான காற்றின் வேகத்தால் சிதறடித்துப் பார்த்தார். அந்தக் கருவி கையாள்வதற்கு மிகக் கடினமாயிருந்தது. அடுத்து, உலோகத் தூளைத் தீச்சுடருக்குள் செலுத்தினார். 1912இல் உலோகக் கம்பியையே சுடரில் உருக்கிப் பீச்சும் கருவியை அமைத்தார். உருகிய உலோகம் பட்டால் மரமும் காகிதமும் கருகிவிடும் என்றுதானே நாம் நினைப்போம்? துளிகள் மிகச் சிறியவை. பறந்து செல்லும்போதே பெரிதும் ஆறிவிடுகின்றன. ஆகவே காகிதத்தின்மேலும் உலோகம் படிந்தது!

1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் சிலிக்கான் சூரிய மின்கலத்தை வெளியிட்டது. ஷோப் 1956இல் மறைந்தார். சூரிய மின்கலத்தை அவர் செய்யவில்லை. ஆயினும் அவர் வழி அங்கும் பயன்படக்கூடியது. அப்பளம்போல் எளிதில் நொறுங்கும் சிலிக்கான் வில்லையில் தோன்றும் மின்சாரத்தை வெளியே கொண்டுவர மெல்லிய உலோகக் கோடுகள் வேண்டும். கோடு அகலமானால் வெயிலை மறைக்கும். மிகவும் மெலிந்தால் மின்சாரம் செல்லத் தடையாகும். பெரும்பாலும் வெள்ளிப் பசையால் அச்சிட்டுச் சூளையில் சுடுகிறார்கள். வெள்ளியின் விலைதான் நமக்குத் தெரியுமே! அதனால் மலிவான செம்பு, அலுமினியத் தூள்களைப் பீச்சிக் கோடு போட ஆராய்ச்சியாளர்கள் முயன்று வருகிறார்கள்.

1980களில் சோவியத் நாட்டின் நோவோசிபிர்ஸ்க் நகரில் இன்னொரு முறை கண்டறியப்பட்டது. அதில் தூளை உருக்குவதே இல்லை. ஒலியைவிட விரைவாகப் பாயும் வாயு அதைச் சுமந்து செல்கிறது. மோதும் வேகத்தினாலேயே தூள் ஒட்டிக்கொள்கிறது, அந்தத் தோட்டச் சுவரில் ஈயக் குண்டுகள் ஒட்டியதைப்போல.

— பத்தாம் வகுப்பு மாணவி