5 டன் கணக்கு யந்திரத்தைக் கட்டிய பேராசிரியர்

1944-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். ஐ.பி.எம். கம்பெனியின் தலைவர் தாமஸ் வாட்சன், அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்கு வந்து சேர்ந்தார். ஆற்றுக்கு அக்கரையில் கேம்பிரிட்ஜ் என்ற ஊர். அங்கேதான் ஹார்வர்டு பல்கலைக் கழகம் இருக்கிறது. 7-ந் தேதி அங்கு ஒரு பெரிய விழா. வாட்சனின் கம்பெனி தன் பட்டறையில் பல வருஷம் பாடுபட்டுக் கட்டிய ராட்சதக் கணக்கு யந்திரத்தை அன்று ஹார்வர்டுக்கு அன்பளிப்பாகக் கொடுக்க வேண்டும்.

வாட்சன் பத்திரிகைகளைப் பார்த்தார். யந்திரத்தைப் பற்றிக் கொட்டை எழுத்தில் செய்தி வந்திருந்தது. கண்டுபிடித்தவர் என்று ஒரே ஒருவர் பெயர்தான் இருந்தது. ஹார்வர்டு பேராசிரியர் ஹோவர்டு ஏக்கன்! வாட்சன் கொதித்துப் போனார். விழாவுக்கே வரப்போவதில்லை என்றார். பலர் சமாதானம் சொன்ன பிறகுதான் வந்தார். ஆனால் அன்று விழுந்த விரிசல் கடைசிவரை கூடவில்லை.

யார் இந்த ஏக்கன்?

தந்தையை விரட்டிய மகன்

ஏக்கன் 1900-ம் ஆண்டு மார்ச் 8-ந் தேதி ஹோபோக்கன் என்ற ஊரில் பிறந்தார். வளர்ந்தது இண்டியானாபோலிஸ் நகரத்தில். தந்தை குடிகாரர், தாயை அடிப்பார். ஒரு நாள் மகனால் பொறுக்க முடியவில்லை. மீசை முளைக்காத வயது. கணப்பு அடுப்பைக் கிளறும் இரும்புக் கோலைக் கையில் எடுத்தான். தந்தையை வீட்டை விட்டே துரத்திவிட்டான். போனவர் திரும்பவே இல்லை.

அப்புறம் தாயைக் காப்பாற்றும் பொறுப்பு பையன் தலையில் விழுந்தது. இரவில் மின்சாரக் கம்பெனியில் வேலை. பகலில் பள்ளிக்கூடம். எப்போது தூங்கினானோ! அவன் நிலையைப் புரிந்துகொண்ட பெரியவர்கள், தேர்வுகளை முன்கூட்டியே எழுதி முடிக்க வழி செய்து கொடுத்தார்கள். விஸ்கான்சின் பல்கலைக் கழகத்திலும் இதே கதைதான். எரிவாயு, மின்சாரக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே படித்து, 1923-ல் மின்சார என்ஜினீயர் பட்டம் பெற்றார்.

பல வருஷம் என்ஜினீயராகச் சம்பாதித்தார். முப்பது வயதைத் தாண்டிய பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு மறுபடியும் மாணவர் ஆனார். ஹார்வர்டில் பௌதிக ஆராய்ச்சியில் சேர்ந்தார்.

மாடியில் கிடந்த சக்கரங்கள்

அவருடைய ஆராய்ச்சி வெற்றிடக் குழாய்களைப் பற்றியது. அதில் வந்த சமன்பாடுகளைக் காகிதத்தில் போட்டு மாளவில்லை. கணக்குப் போடவே ஆயுள் போய்விடும் போலிருந்தது. அந்த வேலையைத் தானாகச் செய்யும் ஒரு யந்திரம் வேண்டும் என்று 1937-ல் திட்டம் எழுதினார். முதலில் மன்ரோ என்ற கணக்கு யந்திரக் கம்பெனியிடம் போனார். தலைமை என்ஜினீயருக்குத் திட்டம் பிடித்திருந்தது. முதலாளிகளுக்குப் பிடிக்கவில்லை.

ஹார்வர்டிலும் வரவேற்பு இல்லை. பேராசிரியர் வேலைக்கு வர நினைப்பவர் யந்திரம் கட்டிக்கொண்டிருப்பதா என்று முகம் சுளித்தார்கள். பரிசோதனைச் சாலை ஊழியர் ஒருவருக்கோ வேறு ஆச்சரியம். இப்படி ஒரு யந்திரம் மேல்மாடியில் ஏற்கெனவே கிடக்கிறது, யாரும் சீண்டுவதில்லை, இன்னொன்று எதற்கு என்று கேட்டாராம். ஏக்கன் ஓடிப்போய்ப் பார்த்தார். சில பித்தளைச் சக்கரங்கள் இருந்தன. இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் என்பவர் நூறு வருஷத்துக்கு முன்னால் தொடங்கி, முடிக்க முடியாமல் இறந்து போன கணக்கு யந்திரத்தின் துண்டு அது. பாபேஜின் மகன் அதை ஹார்வர்டுக்கு அனுப்பி வைத்திருந்தார். பாபேஜ் விட்ட இடத்தில் தொடங்க வேண்டியவன் தான்தான் என்று ஏக்கனுக்குத் தோன்றிவிட்டது.

ஐ.பி.எம். கம்பெனி முன்வந்தது. வாட்சன் பணம் கொடுத்தார். கிளேர் லேக், பிராங்க் ஹாமில்டன், பெஞ்சமின் டர்பி என்ற மூன்று என்ஜினீயர்கள் எண்டிகாட் நகரப் பட்டறையில் திட்டத்தை இரும்பாக மாற்றினார்கள். இதற்கிடையே உலக யுத்தம் வந்தது. ஏக்கன் கடற்படைக்குப் போனார். அவர் இல்லாத நாட்களிலும் அங்கே வேலை நின்றுவிடவில்லை.

51 அடி நீளம்!

1944-ல் யந்திரம் ஹார்வர்டுக்கு வந்தது. நீளம் 51 அடி. உயரம் 8 அடி. எடை சுமார் 5 டன். உள்ளே ஓடிய கம்பியின் நீளம் 500 மைல்! ஏக்கன் அதற்கு மார்க்-1 என்று பெயர் வைத்தார்.

துளையிட்ட காகிதச் சுருள் ஒன்று உள்ளே ஓடும். துளைகள்தான் கட்டளை. 23 இலக்க எண்களைக் கூட்டும், கழிக்கும். ஒரு விநாடியில் மூன்று கூட்டல். ஒரு பெருக்கலுக்கு 6 விநாடி. வகுத்தலுக்கு 15 விநாடிக்கு மேல். ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட வேண்டுமானால் காகிதச் சுருளின் இரண்டு முனைகளையும் சேர்த்து ஒட்டி வளையமாக்கி விடுவார்கள். இன்றைக்குச் சிரிப்பு வரலாம். அன்று இரவு பகல் ஓயாமல் யுத்தக் கணக்குகளை அது போட்டுத் தள்ளியது. அணுகுண்டு வேலையில் இருந்த வான் நாய்மான் என்ற மேதையும் ஒரு கணக்கை அங்கே கொண்டுவந்தார்.

ஏக்கன் அந்தக் கூடத்தை யுத்தக் கப்பலைப் போல நடத்தினார். எல்லோருக்கும் கடற்படைச் சீருடை. ஆறடிக்கு மேல் உயரம், உரத்த குரல், முன்கோபம். அவரிடம் வேலைக்கு வந்தவர்களில் ஒருவர் கிரேஸ் ஹாப்பர் என்ற அம்மையார். கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். வந்த அன்றே ஒரு கடினமான கணக்கைக் கொடுத்து நாள் குறித்துவிட்டார். பிறகு யந்திரத்தைப் பற்றிப் புத்தகம் எழுதும் வேலையையும் அவரிடமே ஒப்படைத்தார். பிற்காலத்தில் கம்ப்யூட்டர் மொழிகளுக்கு வழி திறந்து உலகப் புகழ் பெற்றவர் அந்த ஹாப்பர்.

இனி பாஸ்டன் சண்டைக்கு வருவோம். செய்தி கொடுத்தது ஹார்வர்டு. பழி வந்தது ஏக்கனுக்கு. யோசனை அவருடையது என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் லேக், ஹாமில்டன், டர்பி ஆகியோரின் பங்கு விட்டுப் போனது அநியாயம்தான். ஏக்கனும் இறங்கி வருகிற ஆள் இல்லை. அடுத்த யந்திரங்களை ஐ.பி.எம். உதவி இல்லாமலே கட்டினார். மார்க்-2, மார்க்-3 கடற்படைக்கு. மார்க்-4 விமானப் படைக்கு. வாட்சனும் விடவில்லை. 1948-ல் நியூயார்க்கில், தெருவில் போவோர் கண்ணாடி வழியே பார்க்கும்படி இன்னும் பெரிய யந்திரம் ஒன்றை நிறுத்தினார்.

பந்தயத்தில் ஏக்கனின் யந்திரங்கள் பின்தங்கிவிட்டன. மின்னணுக் குழாய்களின் வேகத்துக்கு முன்னால் மார்க்-1 நொண்டியடித்தது. கட்டளையையும் எண்ணையும் ஒரே நினைவகத்தில் வைப்பதே நல்லது என்று மற்றவர்கள் முடிவு செய்தார்கள். இரண்டும் தனித்தனியாகத்தான் இருக்க வேண்டும் என்று ஏக்கன் பிடிவாதம் பிடித்தார். அந்த ஏற்பாட்டுக்கே இன்று ஹார்வர்டு அமைப்பு என்று பெயர். சிறிய சில்லுகள் பலவற்றில் அது வாழ்கிறது.

பாடம் நடத்தியவர்

யந்திரங்கள் தோற்றாலும் இன்னொரு காரியம் தோற்கவில்லை. 1947-லேயே கம்ப்யூட்டர் கல்விக்கென்று ஹார்வர்டில் மேல்படிப்பு ஏற்படுத்தினார் ஏக்கன். அப்போது அப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பாடப் புத்தகம் கிடையாது. யந்திரக் கூடமே வகுப்பு.

சீனாவிலிருந்து வந்த ஆன் வாங் அங்கே காந்த வளையங்களில் எண்களைத் தேக்கி வைக்கும் வழியைக் கண்டார். பின்னர் சொந்தக் கம்பெனி தொடங்கிக் கோடீசுவரர் ஆனார். கெனத் ஐவர்சன் கனடாவிலிருந்து வந்தவர். பொருளாதாரக் கணக்குகளில் டாக்டர் பட்டம் வாங்கி, அங்கேயே பாடமும் நடத்தினார். மாணவர்களுக்குப் புரிய வைப்பதற்காக அவர் அமைத்த குறியீடுகளே ஏ.பி.எல். என்ற கம்ப்யூட்டர் மொழி ஆயிற்று. கெரிட் பிளாவ் ஹாலந்துக்காரர். பிரெட் புரூக்ஸ் அமெரிக்கர்.

வேடிக்கை என்னவென்றால், ஐவர்சன், பிளாவ், புரூக்ஸ் மூவருமே போய்ச் சேர்ந்த இடம் ஐ.பி.எம்.! 1964-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி ஐ.பி.எம். வெளியிட்ட சிஸ்டம்-360 என்ற கம்ப்யூட்டர் வரிசை உலக வியாபாரத்தையே மாற்றியது. சிறிதும் பெரிதுமாகப் பல கம்ப்யூட்டர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே கட்டளைகள். அந்த வேலைக்குத் தலைமை வகித்தவர் புரூக்ஸ். அமைப்பை வகுத்தவர்களில் ஒருவர் பிளாவ். ஒரு பைட் என்றால் 8 பிட் என்று இன்று பிள்ளைகள் படிக்கிறார்களே, அந்த வழக்கம் நிலைத்தது அந்தக் கம்ப்யூட்டர்களால்தான். பெரிய வாட்சன் அதற்குள் காலமாகி ஏறக்குறைய எட்டு வருஷம் ஆகியிருந்தது.

ஏக்கன் 1961-ல் ஹார்வர்டை விட்டு விலகி பிளாரிடா மாகாணத்துக்குக் குடி போனார். மயாமி பல்கலைக் கழகத்தில் கற்பித்தார். நொடித்துப் போன கம்பெனிகளை வாங்கித் தூக்கி நிறுத்துவதும் ஒரு தொழிலாயிற்று. 1973-ம் ஆண்டு மார்ச் 14-ந் தேதி, வேலையாக செயிண்ட் லூயிஸ் நகருக்குப் போயிருந்தபோது தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது 73.

ஹார்வர்டில் அவர் பெயர் தாங்கிய கம்ப்யூட்டர் கூடத்தில்தான் 1975-ல் பில் கேட்ஸ் என்ற மாணவர், தம் கம்பெனிக்கு அடிகோலிய முதல் புரோகிராமை எழுதினார். பிற்பாடு அந்தக் கட்டிடத்தை இடித்துவிட்டார்கள். மார்க்-1 யந்திரத்தை அதற்கு வெகு நாள் முன்பே பிரித்தாயிற்று. அதன் ஒரு பகுதி மட்டும் ஹார்வர்டில் காட்சிக்கு இருக்கிறது.