ராபின் ஹூட் காப்பாற்றிய இசை மேதை

குழந்தைகளே, அடுத்த முறை திரைப்படம் பார்க்கும்போது ஒரு சோதனை செய்து பாருங்கள். விறுவிறுப்பான சண்டைக் காட்சி வரும்போது ஒலியை முழுவதும் குறைத்துவிடுங்கள். கதாநாயகன் பாய்வான், வாள் சுழலும், எதிரி விழுவான். ஆனால் உங்கள் நெஞ்சு படபடக்காது. பின்னணி இசை போனால் காட்சியின் பாதி உயிர் போய்விடும். நீங்கள் விளையாடும் வீடியோ கேமிலும் இப்படித்தான்.

படம் முடிந்த பிறகும் அந்தப் பின்னணி இசையைத் தனியாகப் போட்டுக் கேட்டு ரசிப்பவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். அப்படித் தனியாகக் கேட்கத் தகுந்த இசையை ஹாலிவுட் படங்களுக்கு எழுதிய முன்னோடிகளில் ஒருவர் எரிக் உல்ஃப்காங் கார்ன்கோல்டு. இவர் படத்துக்கு இசை கொடுத்தார். ஒரு படமோ இவருக்கு உயிரைக் கொடுத்தது! அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

1897ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் நாள் புருன் என்ற ஊரில் ஒரு யூதக் குடும்பத்தில் எரிக் பிறந்தான். அந்த ஊர் அப்போது ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது. இப்போது செக் நாட்டில் பெர்னோ என்ற பெயரில் இருக்கிறது. அப்பா ஜூலியஸ் இசை விமரிசகர். மொசார்ட்டின் பெயரில் இருந்த 'உல்ஃப்காங்' என்பதை மகனுக்கும் சேர்த்து வைத்தார். எரிக் சிறு பிள்ளையாக இருந்தபோதே குடும்பம் வியன்னாவுக்குக் குடிபெயர்ந்தது. ஐரோப்பாவில் இசைக்குத் தலைநகரம் என்றால் அது வியன்னாதான். ஜூலியஸ் அங்கே மிகப் பெரிய நாளிதழில் எழுதிவந்தார். அவருடைய பேனாவுக்குப் பயப்படாத பாடகர்களே இல்லை.

எரிக்குக்கு ஒன்பது வயதானபோது, 1906இல், அப்பா அவனைக் குஸ்தாவ் மாலரிடம் அழைத்துப் போனார். மாலர் அப்போது வியன்னா அரசவை ஓபராவின் தலைவர். பெரிய சிம்பொனிகளை எழுதியவர். ஓபரா என்பது வசனத்துக்குப் பதிலாகப் பாட்டாலேயே நடக்கும் நாடகம். சிறுவன் தானே எழுதிய ஒரு படைப்பைப் பியானோவில் வாசித்துக் காட்டினான். மாலர் அறைக்குள் நடந்தபடியே கேட்டார். முடிந்ததும் இவன் மேதை என்று சொல்லிவிட்டார். ஜெம்லின்ஸ்கி என்ற நல்லாசிரியரிடம் அனுப்பும்படியும் யோசனை சொன்னார். பள்ளியில் அரைப்பரீட்சைக்கு அலறும் வயதில் இப்படி ஒரு பிள்ளை!

பதினோரு வயதில் 'பனி மனிதன்' என்ற நாட்டிய நாடகத்துக்கு அவன் இசை எழுதினான். குழுவில் எந்தக் கருவி எதை வாசிக்க வேண்டும் என்பதை ஆசிரியர் ஜெம்லின்ஸ்கி வகுத்துக் கொடுத்தார். 1910இல் வியன்னா அரசவை ஓபராவிலேயே அது மேடை ஏறியது. அப்போது எரிக்கின் வயது 13. இவ்வளவையும் ஒரு சிறுவனா எழுதினான், அப்பாதான் எழுதிக் கொடுத்திருப்பார் என்று ஊரில் சிலர் முணுமுணுத்தார்கள். பாராட்டு எங்கே வருகிறதோ அங்கே இதுவும் கூடவே வரும்.

முதல் உலகப் போரின்போது இளைஞர் கார்ன்கோல்டு ராணுவத்தில் சேர்க்கப்பட்டார். துப்பாக்கிக்குப் பதில், படைப்பிரிவின் இசைக்குழுவை நடத்தும் வேலை கிடைத்தது. போர் முடிந்த பிறகு 'இறந்த நகரம்' என்ற ஓபராவை எழுதி முடித்தார். 1920ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் ஜெர்மனியில் ஹாம்பர்க், கொலோன் என்ற இரண்டு நகரங்களில் ஒரே நாளில் அது அரங்கேறியது. அப்போது அவருக்கு வயது 23தான். மறு வருடமே அமெரிக்காவில் நியூயார்க்கிலும் நடந்தது. போரில் வலது கையை இழந்த பால் விட்கென்ஸ்டைன் என்ற பியானோ கலைஞர் கேட்டுக்கொண்டபடி, இடது கையால் மட்டுமே வாசிப்பதற்காக ஒரு இசையையும் எழுதிக் கொடுத்தார். 1924இல் லூசி என்ற பெண்ணை மணந்தார். எர்ன்ஸ்ட், ஜார்ஜ் என்று இரண்டு மகன்கள் பிறந்தார்கள்.

அதுவரை சினிமாவுக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 1934இல் மாக்ஸ் ரைன்ஹார்ட் என்ற நாடக இயக்குநர், ஷேக்ஸ்பியரின் நாடகம் ஒன்றை ஹாலிவுட்டில் படமாக்கக் கிளம்பினார். மெண்டல்சன் என்ற பழைய மேதையின் இசையை அந்தப் படத்துக்கு ஏற்றபடி அமைக்க வேண்டும். அதற்கு நண்பர் கார்ன்கோல்டைக் கூப்பிட்டார்.

வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோவில் அவர் முதலில் கேட்ட கேள்வி எல்லோரையும் விழிக்க வைத்ததாம். ஒரு அடி நீள ஃபிலிம் எவ்வளவு நேரம் ஓடும் என்று கேட்டாராம்! நீங்களே கணக்குப் போடுங்கள். ஒரு அடி ஃபிலிமில் 16 படங்கள். ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓட வேண்டும். அப்படியானால் ஒரு அடி ஓட ஒரு விநாடியில் மூன்றில் இரண்டு பங்கு. விடையைக் கேட்டதும் அவர், மெண்டல்சன் இசையின் ஒரு பகுதியில் முதல் இரண்டு தாளக் கட்டுகளுக்கு ஆகும் நேரமும் இதேதான் என்று மகிழ்ந்தாராம்.

மற்ற இசையமைப்பாளர்கள் கையில் நிறுத்தக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, எந்தக் காட்சி எத்தனை விநாடி என்று குறித்து எழுதினார்கள். கார்ன்கோல்டு அப்படிச் செய்யவில்லை. திரையில் படத்தை ஓடவிட்டு, பக்கத்தில் பியானோவில் உட்கார்ந்துகொள்வார். காட்சியைப் பார்த்தபடியே விரல்கள் போன போக்கில் வாசிப்பார். பிடித்ததை எழுதிக்கொள்வார். பதிவின்போது இசைக்குழுவையும் தாமே நடத்துவார். அவருக்குத் திரைப்படம் என்பது பாட்டு இல்லாத ஓபரா. வீரனுக்கு ஒரு மெட்டு, காதலிக்கு ஒரு மெட்டு, வில்லனுக்கு ஒரு மெட்டு. அந்த ஆள் வரும்போதெல்லாம் அவருடைய மெட்டு கோபத்திலோ சோகத்திலோ உருமாறி வரும்.

1935இல் 'கேப்டன் பிளட்' என்ற கடற்கொள்ளையர் படம். மூன்றே வாரத்தில் இசை வேண்டும் என்றார்கள். நேரம் போதாததால் ஒரு வாள் சண்டைக்கு லிஸ்ட் என்ற பழைய மேதையின் இசையிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டார். அதனால், படத்தில் தன் பெயரை 'இசையமைப்பு' என்று போடக்கூடாது, 'இசைத் தொகுப்பு' என்று மட்டும் போட வேண்டும் என்று அவரே கேட்டுக்கொண்டார். படத்தின் பெரும்பகுதி இசை அவர் எழுதியது என்பதை மறந்துவிடாதீர்கள். பக்கத்துப் பெஞ்சில் பார்த்து எழுதிவிட்டு மார்பு நிமிர்த்துகிறவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

1936இல் வந்த 'அந்தோனி அட்வர்ஸ்' படத்தின் இசைக்கு ஆஸ்கார் கிடைத்தது. ஆனால் அந்த நாள் வழக்கப்படி சிலை ஸ்டுடியோவின் இசைத்துறைத் தலைவருக்குத்தான் போனது!

கார்ன்கோல்டுக்கு மனம் என்னவோ வியன்னாவில்தான். புதிய ஓபரா ஒன்றை அரங்கேற்ற வேண்டும் என்று அங்கே திரும்பியிருந்தார். 1938ஆம் ஆண்டு ஜனவரியில் ஹாலிவுட்டிலிருந்து ஒரு தந்தி வந்தது. ராபின் ஹூட் கதையைப் படமாக்கியிருக்கிறோம், உடனே வர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். பணக்காரர்களிடம் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்த, காட்டில் வாழ்ந்த வில்வீரன் கதைதான் அது. பக்கத்து ஜெர்மனியில் ஹிட்லரின் ஆட்சி. யூதர்களுக்கு அங்கே வேலை இல்லை, மேடை இல்லை, பாதுகாப்பு இல்லை. ஆஸ்திரியாவையும் ஹிட்லர் விழுங்கப் பார்க்கிறார் என்ற பேச்சு எங்கும் இருந்தது. கார்ன்கோல்டு மனைவியையும் இளைய மகன் ஜார்ஜையும் அழைத்துக்கொண்டு கப்பலேறினார். பள்ளியில் படித்த மூத்த மகன் எர்ன்ஸ்ட், தாத்தா பாட்டியோடு வியன்னாவில் இருந்தான்.

ஹாலிவுட்டில் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். எரால் ஃபிளின் மரத்துக்கு மரம் தாவுகிறார், அம்புகள் பறக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு கார்ன்கோல்டு முடியாது என்று சொல்லிவிட்டார். நான் மனித உள்ளத்தைப் பற்றி எழுதுகிறவன், இவ்வளவு சண்டைக்கு என்னால் எழுத இயலாது என்று பிப்ரவரி மாதம் கடிதமும் எழுதினார். ஊருக்குத் திரும்பிவிடுவது என்ற எண்ணம்.

அப்படித் திரும்பியிருந்தால்?

பிப்ரவரி 12ஆம் நாள் ஆஸ்திரியாவின் தலைவரை ஹிட்லர் வரவழைத்து மிரட்டினார். அந்தச் செய்தி அமெரிக்காவையும் எட்டியது. நிலைமை மோசம் என்று கார்ன்கோல்டுக்குப் புரிந்துவிட்டது. சரி, எழுதுகிறேன், ஆனால் வாரா வாரம் பார்த்துக்கொள்வோம், வரவில்லை என்றால் நிறுத்திவிடுவேன் என்று ஒப்புக்கொண்டார். ஒரு மாதம்கூட ஆகவில்லை. மார்ச் 12ஆம் நாள் ஜெர்மானியப் படைகள் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தன. பகலில் வில்வீரனுக்கு உற்சாகமான இசை எழுத வேண்டும். மனமோ வியன்னாவில் இருக்கும் மகனையும் பெற்றோரையும் நினைத்துத் துடிக்கும். எப்படித்தான் எழுதினாரோ! நல்லவேளை, அவர்கள் ரயிலேறித் தப்பி அமெரிக்கா வந்து சேர்ந்தார்கள். வியன்னாவில் இருந்த வீட்டை நாஜிகள் பறிமுதல் செய்தார்கள். ராபின் ஹூட் படம்தான் தன் உயிரைக் காப்பாற்றியது என்று அவர் பிற்காலத்தில் சொல்வதுண்டு.

அந்த இசையில் ஒரு சுவையான விஷயம் உண்டு. 1919இல் அவர் எழுதிய ஒரு படைப்பு வியன்னாவில் எடுபடவில்லை. அதன் மெட்டுகளை எடுத்து ராபின் ஹூட்டுக்குப் பொருத்தினார். கச்சேரியில் தோற்றது காட்டில் ஜெயித்தது! சினிமா இசையைத் தனியாக இசைத்தட்டில் வாங்கும் வழக்கம் அப்போது கிடையாது. ஆனாலும் 1938 மே மாதம் இந்த இசையை மட்டும் வானொலியில் ஒலிபரப்பினார்கள். படத்தின் வில்லன் நடிகர் பேசில் ராத்போன் கதை சொல்ல, கார்ன்கோல்டு இசைக்குழுவை நடத்தினார். 1939இல் ஆஸ்கார் விருதும் வந்தது. இந்த முறை சிலை இசையமைப்பாளரின் கைக்கே வந்தது.

ஹிட்லர் வீழும்வரை படங்களுக்கு மட்டுமே எழுதுவது என்று முடிவு செய்திருந்தார். 'கடல் பருந்து', 'கிங்ஸ் ரோ' ஆகிய படங்கள் அந்தக் காலத்தவை. நீ எழுத வேண்டியது சினிமாவுக்கு அல்ல என்று அப்பா ஜூலியஸ் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். 1945இல் போர் முடிந்தது. அப்பாவும் அந்த ஆண்டே காலமானார்.

அதன் பிறகு தன் திரைப்பட மெட்டுகளைக் கொண்டே வயலினுக்காக ஒரு பெரிய இசையை எழுதினார். எழுதிய இசையைத் தானே மறுபடி பயன்படுத்தலாம் என்று ஸ்டுடியோவுடன் முன்பே ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தார், கெட்டிக்காரர். 1947இல் உலகப் புகழ்பெற்ற ஹைஃபெட்ஸ் அதை முதன்முதலில் வாசித்தார். அரங்கில் கைதட்டல். ஆனால் நியூயார்க் விமரிசகர் ஒருவர் அவர் பெயரை வைத்தே கேலி செய்தார். கோல்டு என்றால் தங்கம். கார்ன் என்றால் சோளம். சலித்துப்போன உருக்கம் என்றும் அமெரிக்கப் பேச்சில் பொருள் உண்டு. இதில் தங்கத்தைவிடச் சோளமே அதிகம் என்று எழுதிவிட்டார். சினிமாவுக்கு எழுதியவர் என்பதே குற்றமாகிவிட்டது. எனக்குத் தெரிந்தவரை இதைவிட அநியாயமான விமரிசனம் குறைவு.

1949இல் ஆசையோடு வியன்னாவுக்குப் போனார். ஒரு காலத்தில் தலையில் வைத்துக் கொண்டாடிய ஊர் அவரை மறந்துபோயிருந்தது. மனம் உடைந்து அமெரிக்காவுக்கே திரும்பினார். அதன் பிறகும் ஒரு சிம்பொனி எழுதினார். 1957ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள், தன் 60ஆம் வயதில் ஹாலிவுட்டில் காலமானார்.

அவர் போய்ப் பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. 1972இல் சார்லஸ் ஜெர்ஹார்ட் என்பவர் லண்டனில் ஒரு பெரிய இசைக்குழுவை வைத்து, 'கடல் பருந்து' முதலிய படங்களின் இசையைப் புதிதாக வாசித்து இசைத்தட்டாக வெளியிட்டார். அந்தப் படங்களைப் பார்த்திராதவர்களும் வாங்கிக் கேட்டார்கள். பழைய பட இசைகள் வரிசையாக இசைத்தட்டுகளாக வர அதுவே வழிவிட்டது. அதைத் தயாரித்தவர் யார் தெரியுமா? 1938இல் அப்பாவோடு கப்பலேறி வந்த இளைய மகன் ஜார்ஜ்.

1975இல் 'இறந்த நகரம்' நியூயார்க்கில் மீண்டும் மேடை ஏறியது. 1977இல் ஜான் வில்லியம்ஸ் இசையமைத்து 'ஸ்டார் வார்ஸ்' வந்தபோது, எக்காளங்கள் முழங்க முழு இசைக்குழுவும் சேர்ந்து பாயும் அந்தப் பாணியில் கார்ன்கோல்டின் சாயலைப் பலரும் கண்டுகொண்டார்கள். சோளம் என்று கேலி செய்யப்பட்ட அந்த வயலின் இசையை இன்று உலகின் பெரிய வயலின் கலைஞர்கள் பலரும் கச்சேரிகளில் வாசிக்கிறார்கள். ராபின் ஹூட் இசையும் தனியாகக் கிடைக்கிறது. வீட்டில் பெரியவர்களிடம் சொல்லி, அணிவகுப்பு நடை போலத் துள்ளிக்கொண்டு தொடங்கும் அதன் முதல் பகுதியைப் போட்டுக் கேளுங்கள். படம் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டே கேட்கலாம்.